ஆச்சியின் மூக்குத்தி மட்டும் ஷார்ப்! 85 எம்.எம். லென்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க

அக்காவின் வளைகாப்புக்கு நான்தான் போட்டோகிராஃபர். அதுக்காகவே 85 எம்.எம். எஃப்/1.4 லென்ஸ் ஒண்ணை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தேன். கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால் ஒவ்வொரு படமும் சினிமா ஸ்டில் மாதிரி இருந்தது. சுவரில் தொங்கிய சீரியல் லைட் எல்லாம் தங்க உருண்டைகளாக மாறியிருந்தன. அன்னிக்கு முழுக்க 1.4-ஐ விட்டு நான் நகரவே இல்லை.

ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அக்காவுக்கு வளையல் போட்டுவிட்டு ஆச்சி நிமிர்ந்து சிரிக்கும் படம். மூக்குத்தி பளிச்சென்று இருக்கிறது. கண்கள் ரெண்டும் மங்கல்.

அந்த வருஷக் கடைசியில் ஆச்சி தவறிட்டாங்க. ஃப்ரேம் போட நல்ல படம் தேடினோம். நான் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் ஆச்சி அப்படிச் சிரித்தது அந்த ஒண்ணுதான். பெரிதாக பிரின்ட் போட முடியவில்லை. இன்னிக்கு எங்க வீட்டு ஹாலில் தொங்குவது, அதே நிமிஷத்தில் சித்தி பையன் தன் மொபைலில் எடுத்த படம்.

லென்ஸ் மேல தப்பே இல்லை. அது என்ன செய்யும்னு தெரியாமல் எடுத்த என் மேலதான். போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கும் ஐடியாவில் இருக்கீங்களா? நான் அப்புறம் கத்துக்கிட்டதை நீங்க முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

லென்ஸ் மேல எழுதியிருக்கும் அந்த நம்பர்

ஜூம் செய்ய முடியாத லென்ஸுக்கு பிரைம் என்று பெயர். 85 எம்.எம். என்பது அதன் குவியத் தூரம். இதை 1.4-ஆல் வகுத்தால் சுமார் 61 மி.மீ. வரும். வெளிச்சம் உள்ளே போகும் வாசலின் அகலம் அதுதான். அதே 85 எம்.எம். லென்ஸ் எஃப்/1.8 ஆக இருந்தால் வாசல் சுமார் 47 மி.மீ. எஃப் நம்பர் சின்னதாக ஆக, வாசல் பெரிதாகும்.

உங்க போனின் மெயின் கேமராவிலும் எஃப்/1.8 என்று போட்டிருக்கலாம். ஆனால் அதன் குவியத் தூரமே பொதுவாக 7 மி.மீ. அளவில்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் அங்கே வாசல் வெறும் 4 மி.மீ. நம்பர் ஒண்ணு, வாசல் வேற. போனில் பின்னணி தானாகவே மங்காமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

அதனால்தான் போர்ட்ரெய்ட் மோடு வந்தது. 2016-ல் ஐபோன் 7 பிளஸ் ரெண்டு கேமராவை வைத்து தூரத்தைக் கணக்குப் போட்டது. 2017-ல் கூகுள் பிக்ஸல் 2 ஒரே கேமராவில் அதைச் செய்தது. எது ஆள், எது பின்னணி என்று சாஃப்ட்வேர் பிரித்து, பின்னணியை மங்கலாக்குகிறது. காற்றில் பறக்கும் முடியையும் ஜிமிக்கியின் ஓரத்தையும் சில சமயம் அது சாப்பிட்டுவிடுவதற்கும் அதுதான் காரணம்.

முகத்துக்கு ஏன் 85?

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரியுதேன்னு கவலைப்படாத ஆள் உண்டா? தப்பு மூக்கில் இல்லை, தூரத்தில். 12 அங்குலத்தில் எடுக்கும் படத்தில், 5 அடியில் எடுப்பதைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவிகிதம் அதிகமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. கேமராவுக்கு நெருக்கமாக இருப்பது பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

85 எம்.எம். லென்ஸ் உங்களைத் தள்ளி நிற்க வைக்கிறது. ஒன்றரை, ரெண்டு மீட்டர் தள்ளி நின்றாலே முகம் ஃப்ரேமை நிரப்பிவிடும். மூக்கும் காதும் அதனதன் அளவில் இருக்கும். எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேராக லென்ஸை நீட்ட வேண்டியதில்லை என்பதால் அவரும் இயல்பாக இருப்பார்.

இருட்டு மண்டபத்தின் நண்பன்

கல்யாண வேலை செய்பவர்கள் இந்த லென்ஸை வாங்க பின்னணி மங்கல் மட்டும் காரணம் இல்லை. பெரிய காரணம் வெளிச்சம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுசா ஜூம் செய்தால் எஃப்/5.6 தான் கிடைக்கும். எஃப்/1.4 அதைவிட 16 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே ஐ.எஸ்.ஓ. 12,800 தேவைப்படும் இடத்தில் இங்கே 800 போதும். விடிகாலை முகூர்த்தத்தில், குத்துவிளக்கு வெளிச்சத்தில், ஃபிளாஷ் அடிக்காமல் எடுக்க முடிவது இதனால்தான். ஃபாஸ்ட் லென்ஸ் என்ற பெயரும் இப்படி வந்ததுதான். வெளிச்சம் அதிகம் வந்தால் ஷட்டரை வேகமாக மூடலாம்.

இது ரொம்பப் பழைய ஆசை. 1840-ல் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் வடிவமைத்த லென்ஸ், போர்ட்ரெய்ட்டுக்கு என்றே உருவானது. அதுக்கு முன்னாடி படம் எடுக்க நிமிஷக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை அது நொடிகளாகக் குறைத்தது.

இதுக்கு நாம கொடுக்கும் விலை

வாசல் பெரிதாக ஆக, தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் சுருங்கும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 எம்.எம். லென்ஸுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டரில், எஃப்/1.4-ல் தெளிவான ஆழம் சுமார் 2.5 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் ஒரு செ.மீ. சொச்சம். ஆச்சியை நான் எடுத்தது அந்தத் தூரத்தில்தான். மூக்குத்திக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே அதைவிட அதிகம்.

அதே ஒன்றரை மீட்டரில் எஃப்/2.8 வைத்தால் 5 செ.மீ. கிடைக்கும். எஃப்/4 வைத்தால் 7 செ.மீ. பின்னணி அப்பவும் அழகாக மங்கும். ஆனால் ரெண்டு கண்ணும் தப்பித்துவிடும்.

சித்தி பையனின் போன் ஜெயித்தது எப்படின்னு இப்போ புரியுதா? அந்த 4 மி.மீ. வாசலுக்கு ஆச்சியும் தெளிவு, அக்காவும் தெளிவு, சுவரில் இருந்த காலண்டரும் தெளிவு. போனின் குறை என்று நாம் நினைப்பதே அன்னிக்குக் கைகொடுத்தது.

1.4-ஆ, 1.8-ஆ?

சோனியின் 85 எம்.எம். எஃப்/1.4 ஜி.எம். லென்ஸ் 2016-ல் வந்தது. எடை 820 கிராம். அடுத்த வருஷம் வந்த எஃப்/1.8 வெறும் 371 கிராம். கேனானின் ஆர்.எஃப். 85 எம்.எம். எஃப்/1.2 கிட்டத்தட்ட 1.2 கிலோ. விடிகாலையிலிருந்து பந்தி முடியும் வரை கையில் தூக்கிப் பார்த்தால் இந்த கிராம் கணக்கின் அர்த்தம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

வெளிச்சத்தில் 1.4-க்கும் 1.8-க்கும் வித்தியாசம் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. விலையில் வித்தியாசம் பெரும்பாலும் ரெண்டு மடங்குக்கு மேல். இ.எம்.ஐ. போட்டு முதல் லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு 1.8 தாராளமாகப் போதும்.

இன்னொண்ணு, உங்க கேமரா எது என்பது முக்கியம். ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சின்ன சென்ஸார் கேமராவில் 85 எம்.எம். லென்ஸ் கிட்டத்தட்ட 130 எம்.எம். மாதிரி நடந்துகொள்ளும். ஒருத்தரைத் தலை முதல் கால் வரை எடுக்க 20 அடிக்கு மேல் பின்னால் போகணும். நம்ம வீட்டு ஹாலில் அதுக்கு எங்க இடம்? அந்த கேமராவுக்கு 50 எம்.எம். எஃப்/1.8 தான் சரியான போர்ட்ரெய்ட் லென்ஸ். விலையும் எடையும் ரொம்பக் கம்மி.

கையில் வந்த பிறகு...

* ஃபோகஸ் எப்பவும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில். மிரர்லெஸ் கேமராவில் ஐ ஏ.எஃப். இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்க.

* ஃபோகஸ் பூட்டிவிட்டு ஃப்ரேமை நகர்த்தாதீங்க. நீங்க லேசாக முன்னால் சாய்ந்தாலே 2 செ.மீ. போய்விடும்.

* ரெண்டு பேர் இருந்தால் எஃப்/2.8, குடும்பமாக நின்றால் எஃப்/4 அல்லது 5.6. 3 மீட்டரில் எஃப்/1.4-ன் ஆழம் 10 செ.மீ. தான். மாப்பிள்ளை அரை அடி பின்னால் நின்றால் மங்கிவிடுவார்.

* ஆட்கள் அசைவார்கள். ஷட்டர் 1/160-க்குக் கீழே போக வேண்டாம்.

* உச்சி வெயிலில் எஃப்/1.4 வைத்தால் 1/8000 ஷட்டர்கூடப் போதாது. நிழலுக்குப் போங்க, இல்லை என்.டி. ஃபில்டர் மாட்டுங்க.

* முழுசாகத் திறந்து எடுக்கும்போது வெள்ளை வேட்டி ஓரத்திலும் ஜரிகையிலும் ஊதா, பச்சைக் கோடுகள் தெரியலாம். எஃப்/2.8 வைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

* முதல் சில படங்களை எடுத்ததும், திரையில் ஜூம் செய்து கண்ணைப் பாருங்க. சின்னத் திரையில் எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும். நான் ஏமாந்தது அங்கேதான்.

லென்ஸ் மேல இருக்கும் 1.4 என்பது அது எவ்வளவு தூரம் திறக்கும் என்பதற்கான எல்லை. எப்பவும் அதிலேயே எடுக்கணும் என்ற கட்டளை இல்லை. ஒருத்தர் மட்டும், அசையாமல், நாலைஞ்சு ஷாட்டுக்கு நேரம் கொடுத்து உட்கார்ந்தால் 1.4-ல் ஆசை தீர விளையாடுங்க. திரும்ப வராத நிமிஷம் என்றால் ரெண்டு ஸ்டாப் குறைங்க. பின்னணி கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

அக்கா பையனுக்குப் போன மாசம் முதல் பிறந்தநாள். இந்த முறை கையில் இருந்தது 1.8. கேக் வெட்டும்போது எஃப்/4 வைத்தேன். பையன், அக்கா, மாமா மூணு பேர் முகமும் தெளிவு. பின்னால் ஹால் சுவரும் லேசாகத் தெரியுது. அதில் ஆச்சி படம் இருக்கு.