ரஜூலாவுக்கு அடியில் ஓடிய அலை

நாகப்பட்டினத்தில் கப்பலேறி போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நிறையப் பேர். ரஜூலா கப்பல் என்றால் அவர்கள் வீட்டுக் கதைகளில் டிரங்குப் பெட்டியும் டெக்கில் எடுத்த வாந்தியும்தான் வரும். நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கப்பல் புகுந்தபோது அதற்கு அடியில் ஓடிய அலை எந்தக் கதையிலும் இல்லை. மேலிருந்து பார்த்தால் நுரைத்துச் சலசலக்கும் ஒரு நீண்ட பட்டை, அவ்வளவுதான். ஆழத்திலோ, சுமத்ராவின் வடமேற்கே அளந்து 1965-இல் வெளியிட்ட கணக்குப்படி 80 மீட்டர் உயரம்!

கடல் நீர் ஒரே சீராக இருப்பதில்லை. மேலே வெதுவெதுப்பான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். இரண்டும் சந்திக்கும் எல்லையில் எழுவது உள் அலை. அந்தமான் கடலில் அதைக் கிளப்புவது, தீவுகளுக்கிடையே உள்ள கடலடி மேடுகளில் ஏறி இறங்கும் ஓதம்.

காற்றும் கிளப்பும், ஆனால் வேறு விதமாக. பலத்த காற்று அடித்து ஓய்ந்த பிறகு, பூமியின் சுழற்சியால் மேல்நீர் வலஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கும். அந்த ஆட்டம் மெல்ல ஆழத்துக்கு இறங்கும். ஒரு சுற்றுக்குச் சென்னை அட்சரேகையில் ஏறக்குறைய 53 மணி நேரம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது நீண்டு, கிள்ளானின் அட்சரேகையில் ஒன்பதரை நாளாகிவிடும். ஊஞ்சலைப் போல, காற்றும் நீரோடு ஒத்துத் திரும்பினால்தான் வேகம் கூடும். விடியற்காலையில் கூரைத் தகரத்தைத் தடதடக்க வைத்துவிட்டு ஓரிரு மணியில் ஓயும் நம் ‘சுமத்ரா’ காற்றுக்கு அந்தப் பொறுமை ஏது? போதாததற்கு, கிள்ளானுக்கு எதிரே நீரிணையின் ஆழமும் குறைவு. ஓதமே நீரைக் கலக்கிவிடுவதால் எல்லை என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வங்கக் கடலில் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் கரையேறிய பின்னும் அந்தச் சுழல் ஆட்டம் பல நாள் நீடிக்கும். அட்லாண்டிக், பசிபிக்கின் நடு அட்சரேகைகளில் குளிர்காலப் புயல்களே இந்த ஆட்டத்தின் ஆற்றலை உச்சத்துக்குக் கொண்டுபோகின்றன.

எனக்கு இவற்றைவிடச் சுவையாகப் படுவது காற்றின் மறைமுக வேலை. தென்மேற்குக் காற்று தாய்லாந்துக் கரைப் பக்கம் நீரைக் குவித்து, எல்லையைக் கீழே அழுத்துகிறது. வடகிழக்குக் காற்றின் மாதங்களில் அது மேலேறி நிற்கும். ஓதம் கிளப்பிய அலைகள் அப்போது அங்குள்ள சிமிலான் தீவுகளின் மேற்குப் புறத்தில் மோதி, குளிர்நீரைப் பவளப்பாறை மீது ஏற்றும். சில நிமிடங்களில் வெப்பம் பல டிகிரி இறங்கும். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் கடலின் பவளங்கள் வெளுத்தபோது, இந்த அலைகள் படும் பக்கத்தில் பாதிப்பு குறைவாக இருந்தது. அலை படாத கிழக்குப் புறத்துப் பவளங்களுக்கு அந்தக் குளிர்நீர் எட்டவில்லை.