துடிக்கும் கட்டியைக் கீறக் கூடாது: போதை ஊசி தமனியைத் துளைத்தால் என்ன ஆகும்?

தொடை இடுக்கில் ஒரு வீக்கம். வலி, காய்ச்சல், சிவந்த தோல். பார்த்தால் சாதாரண சீழ்க்கட்டி மாதிரிதான் இருக்கும். கீறிவிட்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், போதை ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அந்தக் கீறலே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

எத்தனை பேரின் பிரச்னை இது?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 8.5 லட்சம் பேர் போதை ஊசி போட்டுக்கொள்கிறார்கள். உத்தரப் பிரதேசம், பஞ்சாப், டெல்லியில் எண்ணிக்கை அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது?

குத்திக் குத்திக் கையில் உள்ள சிரைகள் அடைத்துப்போனதும், சிலர் தொடை இடுக்கில் ஊசி போடத் தொடங்குகிறார்கள். அங்கே பெரிய சிரையும் தமனியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஊசி சற்று விலகினாலும் தமனியில் ஓட்டை விழும். கூடவே கிருமியும் போகும். கசியும் ரத்தம் வெளியே தேங்கிப் பை போல ஆகிவிடும். மருத்துவர்கள் இதை 'சூடோஅனியூரிசம்' என்கிறார்கள். தொட்டால் இதயத் துடிப்போடு சேர்ந்து துடிக்கும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் துடிப்பு தெரியாமலும் போகலாம். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன் டாப்ளர் அல்லது சிடி ஆஞ்சியோ ஸ்கேன் அவசியம்.

ஓட்டையை மட்டும் தைத்தால் போதாதா?

போதாது. கிருமி அரித்த சுவரில் தையல் நிற்காது. செயற்கைக் குழாய் பொருத்தினால் அதிலும் தொற்று பிடிக்கும். அதனால் பல அறுவை மருத்துவர்கள் தமனியை மேலும் கீழும் கட்டிவிட்டு, கெட்டுப்போன திசுவை முழுசாக அகற்றுகிறார்கள். கூடவே ஆன்டிபயாடிக்கும் தருகிறார்கள்.

அப்போ கால்? பெரும்பாலானோருக்குத் தப்பிவிடுகிறது. சின்னச் சின்னக் கிளைக் குழாய்கள் ரத்தத்தைக் கொண்டுபோகும். ஆனால், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கலாம். தமனி பிரியும் இடமே சிதைந்திருந்தால் ஆபத்து கூடும். ரத்த ஓட்டம் போதாவிட்டால், நோயாளியின் சொந்தச் சிரையை எடுத்து மாற்றுப்பாதை அமைப்பார்கள். அதுவும் பலிக்காமல் காலை இழப்பவர்களும் உண்டு.

ஏன் தாமதமாக வருகிறார்கள்?

போலீஸ் பயம், அவமானம். வந்தாலும் ஊசி விஷயத்தை மறைக்கிறார்கள். போதை ஏக்கத்துக்கு மருந்து கிடைக்காவிட்டால், சிலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போய்விடுகிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பற்றிப் பலருக்குத் தெரியாது. போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ வழக்கு உள்ளவர், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் போதை மீட்பு சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முடிக்காவிட்டால் அது ரத்தாகலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி வீக்கம் வந்தால் அழுத்தவோ கீறவோ விடாதீர்கள். ரத்தம் பீறிட்டால் மட்டும், சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். "இது ஊசி போட்ட இடம்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் கத்திக்கு முன் ஸ்கேனைக் கேட்பது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

காயம் ஆறிய பிறகு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆதரவில் இயங்கும் மையங்களில் புப்ரெனார்ஃபின் மாற்றுச் சிகிச்சை இலவசம். போதை மீட்பு உதவி எண்: 14446.