முறுக்கு விற்கவும் பதிவு வேண்டுமா?

சென்ற தீபாவளிக்கு முன் நடந்தது இது. என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். காலையில் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர். மாலையில் முறுக்குச் சுட்டு லயத்து வீடுகளில் விற்பவர். நல்ல கைப்பக்குவம். பட்டணத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் வாரம் 100 பொட்டலம் எடுத்துக்கொள்ள முன்வந்தாராம். கூடவே, "பதிவு நம்பர் இருக்கிறதா?" என்றும் கேட்டாராம்.

"அப்படி ஒண்ணு வேணுமா சார்? பதிஞ்சா வரி ஆபீஸ்காரங்க வீட்டுக்கு வந்துருவாங்கன்னு எங்க வீட்டுக்காரர் பயப்படுறாரு" என்றார் அந்த அம்மா.

வாசக அன்பர்களே, இந்தப் பயம் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! தையல், பலகாரம், பூமாலை, முடிதிருத்தம், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு என்று நம் மக்கள் செய்யாத கைத்தொழில் இல்லை. ஆனால் பாரம் என்றாலே கை நடுங்குகிறது. ஆகவே நான் விசாரித்து அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம் நடப்பில் உள்ளது. இலாபம் கருதிச் செய்யும் எந்த வியாபாரத்தையும் கைத்தொழிலையும் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சம்பள வேலையும் அறப்பணியும் இதில் சேரா. சட்டத்தின் அட்டவணையில் விலக்குப் பெற்ற தொழில்களும் சில உண்டு, உங்கள் தொழில் அதில் அடங்குமா என்பதை மலேசிய நிறுவன ஆணையத்தின் (எஸ்.எஸ்.எம்.) முகப்பில் கேட்டுத் தெளியுங்கள். பதியாமல் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

செலவு எவ்வளவு? அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு வியாபாரப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. 5 ஆண்டு வரை ஒரே தடவையில் கட்டலாம். 18 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதியலாம். முகப்புக்குப் போக முடியாதவர்கள் இணையத்தின் வழியும் செய்யலாம்.

வரி வருமா?

பதிவு வேறு, வருமான வரி வேறு. பதிந்த காரணத்தால் வரி பிறப்பதில்லை. வருமானம் இருந்தால்தான் வரி. அதுவும் விற்ற பணத்துக்கு அல்ல. மாவு, எண்ணெய், கேஸ், பொட்டலத் தாள் ஆகிய செலவெல்லாம் போக நிற்கும் இலாபத்தைச் சம்பளத்தோடு கூட்டி, தனிநபர் கழிவு 9,000 வெள்ளியையும் மற்றக் கழிவுகளையும் நீக்கிய பிறகு மிஞ்சுவதற்கே கணக்கு. அதிலும் முதல் 5,000 வெள்ளிக்கு வரி கிடையாது. ஆனால் ஒரு கொப்பி வாங்கி வரவு செலவை எழுதி, ரசீதுகளை 7 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இந்தப் பழக்கம் வரிக்காக மட்டுமன்று. கணக்கு எழுதாத வியாபாரத்தில் இலாபமா நட்டமா என்பது செய்பவருக்கே தெரியாது.

பதிந்தால் என்ன கிடைக்கும்? கடைக்காரர் நம்பிச் சரக்கு எடுப்பார். வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். தெக்குன் போன்ற கடனுதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பதிவோ உரிமமோ கேட்பார்கள். 2020இல் கோவிட் காலத்தில் சிறு தொழில்களுக்கு 3,000 வெள்ளி மானியம் வந்தபோது, கையில் தாள் இல்லாதவர்கள் வெறுங்கையோடு நின்றதை நாம் மறக்கலாகாது.

கவனிக்க வேண்டியவை

பதிவு ஒரு கவசமன்று. தனியாள் வியாபாரத்தில் கடன் வந்தால் அது உங்கள் சொந்தக் கடனே. மைத்துனரையோ நண்பரையோ கூட்டாளியாகச் சேர்த்தால், வியாபாரத்துக்கென அவர் வாங்கும் கடனும் உங்கள் தலையில்தான் விழும். உறவுக்காகப் பெயர் சேர்க்காதீர்கள்.

ஊராட்சி மன்ற உரிமம் வேறு. அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். பலகாரம் செய்வோருக்கு 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைப்படி உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். நம் வீடோ தோட்டத்து வீடு. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி வைப்பது நல்லது. வீடு மாறினாலும் தொழிலை நிறுத்தினாலும் 30 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த அம்மா என்ன செய்தார்? யோசிப்பதிலேயே மூன்று வாரம் போயிற்று. அதற்குள் கடைக்காரர் வேறொருவரிடம் சரக்கு எடுத்துவிட்டார். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் தை பிறந்ததும் தம் பெயரிலேயே 30 வெள்ளி கட்டிப் பதிந்தார். இப்போது வேறொரு சிறு கடை வாரம் 40 பொட்டலம் எடுக்கிறது. மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்ப் போடுவது யார் தெரியுமா? வரிக்குப் பயந்த அதே வீட்டுக்காரர்தான்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் அன்பர்களே, சுரைக்காயைச் சந்தையில் விற்க ஓர் ஏடு வேண்டியிருக்கிறது. இன்றிரவு விளக்கடியில் உட்கார்ந்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாராவாரம் விற்கிறீர்கள், இலாபமும் நிற்கிறது என்றால், இனியும் தயங்காதீர்கள்.