பெயரில்லா இசையும் பெயர் இழக்கும் கலைஞர்களும்

பாடலுக்குப் பெயர் சூட்டுவது எளிது. அதன் முதல் அடியே பெயராகிவிடும். சொற்களே இல்லாத இசைக்கு என்ன பெயர் வைப்பது? 1986-இல் இளையராஜா வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பு இந்தக் கேள்வியையே தன் தலைப்பாக ஏற்றது: ‘ஹவ் டு நேம் இட்?’ தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் அதை அவர் காணிக்கையாக்கினார். பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். வாழ்நாளில் சந்திக்க இயலாத இருவரையும் ஓர் ஒலிநாடா சந்திக்க வைத்தது.

மதுரை விளாங்குடியில் அந்நாளில் எங்களுக்கு மேற்கத்தியச் செவ்விசைக் கச்சேரி என்று எதுவும் வாய்த்ததில்லை. திண்டுக்கல் சாலையின் இரைச்சலுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட ஒலிநாடாதான் எங்கள் இசையரங்கம். பதிவுத் தொகுப்பின் மதிப்பை நான் இதிலிருந்தே அளக்கிறேன். மேடைக் கச்சேரி ஒரு மாலையில் முடிந்துபோகும். பதிவோ ஒரே இழையை நூறு முறை திரும்பக் கேட்க அனுமதிக்கிறது. கருவியிசைக்கு அவ்வாறு கேட்பது இன்றியமையாதது. கைப்பிடித்து அழைத்துச் செல்லப் பாடல்வரி அங்கே இல்லை.

அத்தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்றொரு பகுதி உண்டு. தனி வயலினுக்காக பாக் இயற்றிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையே அதன் அடித்தளம்; அதனுடன் இளையராஜா தம் இசைவரிகளை உரையாட விடுகிறார். நமது மரபில் ஓர் இராகத்தின் ஒற்றை இழையை அனைவரும் பின்தொடர்வர். பக்க வயலினும் பாடகரின் வழியிலேயே நடக்கும். பாக்கின் மரபிலோ, தனித்தனியே பொருளுள்ள இரண்டு மூன்று இழைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஃபியூக் என்னும் வடிவத்தில் ஒரு குரல் தொடங்கிய வரியை மற்றொரு குரல் வேறு சுரத்திலிருந்து தொடங்கித் துரத்தும். இராகத்தின் கமகங்களைச் சிதைக்காமல் இவ்விரண்டையும் இணைப்பது கடினமான பணி. எல்லா இடங்களிலும் அது கைகூடியது என்று சொல்லமாட்டேன். கைகூடிய இடங்கள் போதும்.

அந்தக் கமகங்களை வில்லால் உயிர்ப்பித்தவர் வயலின் கலைஞர் வி.எஸ். நரசிம்மன். பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை நால்வர் வாசிக்கும் தந்திக்கருவி இசையாக்கியவரும் அவரே. 1988-இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஒலித்தது.

நம்மவர் கை உலகத் தொகுப்புகளிலும் உண்டு. ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமைத்த ‘சக்தி’ குழுவின் முதல் தொகுப்பு 1976-இல் வெளியானது. அதில் எல். சங்கரின் வயலின், விக்கு விநாயகராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றுடன் ராம்நாடு ராகவனின் மிருதங்கமும் ஒலிக்கிறது. மினிமலிசம் எனப்படும் இசைமுறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஃபிலிப் கிளாஸ், 1960-களில் பாரிஸில் ரவிசங்கரின் இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதிக்கொடுத்த பணியின்போதுதான் சிறுசிறு தாள அலகுகளைக் கூட்டி இசை வளர்க்கும் வழியை உணர்ந்தார். 1990-இல் இருவரும் ‘பேசேஜஸ்’ என்ற தொகுப்பைச் சேர்ந்தே படைத்தனர்.

ராகவனின் பெயரைத் தொகுப்பின் உறை சொன்னது. இப்போது நான் இசை கேட்கும் கைபேசிச் செயலியில் உறையின் முகப்புப் படம் மட்டும் விரல்நுனி அளவில் தெரிகிறது, பின்பக்கம் இல்லை. இசையமைப்பாளர் பெயர் நிற்கிறது, வாசித்தவர் பெயர் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. பாடலில் பாடகரைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும். வயலின் வரிசையில் மூன்றாவதாக அமர்ந்திருந்தவரை எது காட்டும்? ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனுக்காக நாதசுரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது மதுரைக்காரர்களுக்கு மறக்கவில்லை. அத்தகைய ஊர் நினைவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என அடையாளம் காட்டப்படும் உரிமையை நிகழ்த்துகலைஞருக்கு அளிக்கிறது. ஆயினும் ஒரு விலக்கும் உண்டு: பயன்படுத்தும் முறையே பெயரை விடும்படி கோரினால் விடலாம். கைபேசித் திரை சிறியது என்பது அத்தகைய காரணமாகாது என்பதே என் கருத்து. ஒரு முறை தொட்டால் விரியும் பக்கத்தில் ஐம்பது பெயர்களுக்கும் இடம் இருக்கிறது.

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1986-இன் தொகுப்பில் பதிவுக்கான உரிமை 2046 முடிவில் காலாவதியாகும். இசைக்கோவைக்கான உரிமை வேறு. அது இயற்றியவரின் வாழ்நாளையும் தாண்டி நீடிக்கும். அதன்பின் பதிவை மறுவெளியீடு செய்பவர், தம் கைக்கு வந்த கோப்பில் என்ன இருக்கிறதோ அதையே தருவார். அன்று அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவர்களுள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். யார் எந்தப் பகுதியில் வாசித்தார் என்று பதிவு நிறுவனங்கள் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.