உங்களுக்குத் தெரியுமா? பம்பலப்பிட்டியில் பாடசாலை மணி மறுபடி அடித்த கதை

2021 நவம்பர் 22, திங்கட்கிழமை என்ன நாள் தெரியுமா? கொரோனாவால் வீட்டில் அடைபட்டிருந்த தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள் ஏப்ரலுக்குப் பிறகு முதல்தடவையாகப் பாடசாலைக்குப் போன நாள். காலையில் லோரிஸ் வீதி முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சீருடைகள் ஒன்றுகூட அளவாக இல்லை. பெண் பிள்ளைகளின் சட்டை விளிம்பு முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. தாய்மார் இழுத்து இழுத்துவிட்டார்கள். ஒரு பையன் இரண்டு சப்பாத்தின் குதிகளையும் மிதித்து மடக்கியபடி, செருப்புப்போல இழுத்துக்கொண்டு நடந்தான். ஏழு மாதத்தில் கால் வளர்ந்துவிட்டது. புதுச் சப்பாத்து வாங்கப் பல வீடுகளில் காசு இருக்கவில்லை.

✻

கொழும்பில் 2020 ஜனவரியில் தரம் 1இல் சேர்ந்த ஒரு பிள்ளையின் கணக்கைப் பார்ப்போமா? மார்ச் 12, வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. மறுநாள் பாடசாலை இல்லை. ஏப்ரல் 20 வரைதான் விடுமுறை என்றார்கள். ஓகஸ்டில்தான் சின்ன வகுப்புகளைக் கூப்பிட்டார்கள். ஒக்டோபர் 5இல் மினுவாங்கொடைத் தொற்றோடு மறுபடி பூட்டு. அடுத்த நவம்பரிலும் ஜனவரியிலும் நாட்டின் மற்றப் பகுதிகளில் கதவுகள் திறந்தபோதும் மேல் மாகாணத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2021 சித்திரை வருடப்பிறப்பு முடிந்து திறந்தார்கள்; மாதம் முடியுமுன் அடைத்தார்கள். ஒக்டோபர் 25இல் அந்தப் பிள்ளை மறுபடி வாசலுக்கு வந்தபோது தரம் 2க்குரிய 2021 முடியும் தறுவாயில் இருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் முகத்தை முகக்கவசம் இல்லாமல் முழுதாக அது எத்தனை நாள் பார்த்திருக்கும்?

✻

2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ. அதில் நம் நாட்டின் பங்கு 40 இலட்சத்துக்கு மேல்.

✻

தொற்றுநோய்க்காக வழியடைபடுவது பம்பலப்பிட்டிக்குப் புதிதல்ல, தெரியுமா? ஆடிவேல் விழா பிறந்ததே அப்படித்தான் என்று சொல்லி வருகிறார்கள். 1874இல் வாந்திபேதி பரவும் என்ற பயத்தில் கதிர்காம யாத்திரைக்கு ஆங்கிலேய அரசு தடை போட்டது. கதிர்காமம் போக முடியாத கொழும்புச் செட்டிமார், செட்டியார் தெருவிலிருந்து வேலைத் தேரில் ஏற்றிக்கொண்டு நம்முடைய கதிரேசன் கோயில்களுக்கு வந்தார்கள். காலி வீதியில் தேர் வரும்போது தண்ணீர் ஊற்றி வீதியைக் குளிரப்பண்ணும் நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு, அந்தத் தேருக்குப் பின்னால் ஒரு நோய்க்காலம் இருப்பது தெரியும்? பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். ஊரடங்குக் காலத்தைக் கண்ட பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

✻

‘கொத்தணி’ என்ற சொல் நம் வீட்டுக்குள் மூன்று தடவை வந்தது, தெரியுமா? முதலில் பாடசாலைக் கொத்தணி: பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் முறை. பிறகு போர்க்காலத்தில் கொத்தணிக் குண்டு. மூன்றாவதாகக் கொரோனாக் கொத்தணி: மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி. 2020 ஒக்டோபர் கடைசியில் மட்டக்குளி, மோதறை, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று வடகொழும்பு ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் ஆறேழு பேர் இருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பில் இருந்த எங்களுக்குக் கடற்காற்றாவது கிடைத்தது.

✻

அடுத்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. 2021 ஒக்டோபரில் பாடசாலைகளுக்குள்ளேயே பெரிய பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்களே, அது அவசரத்துக்குக் கண்டுபிடித்த வழி அல்ல. இந்த நாட்டில் பாடசாலையும் ஊசியும் நீண்டகாலச் சொந்தக்காரர். அம்மை குத்துவதற்கான சட்டம் 1886இல் வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது, இன்று எம்.ஓ.எச். அலுவலகம் என்கிறோமே, அதன் வேர் அங்கேதான். பி.சி.ஜி. 1949இல், முக்கூட்டுத் தடுப்பூசி 1961இல், போலியோச் சொட்டு மருந்து 1962இல் வந்தன. கடைசிப் போலியோ நோயாளி 1993இல். தரம் 7இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி போடுவது எல்லாருக்கும் தெரியும். அந்த நாளில் வகுப்பில் யார் அழுதது, யார் கையைத் தடவிக்கொண்டு வீரம் பேசியது என்று ஐம்பது வயதிலும் நினைவு வைத்திருக்கிறோம். 2017இலிருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியும் பாடசாலையிலேயே போடப்படுகிறது. 6 மாத இடைவெளியில் இரண்டு. எல்லாம் இலவசம்.

ஆகவே, கொரோனா ஊசியோடு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவும் தாதி மிஸ்ஸும் வகுப்பறைக்குள் வந்தபோது பிள்ளைகள் பயப்படவில்லை. பெற்றாரும் பெரிதாக மறுக்கவில்லை. அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. குழந்தை பிறந்த வீட்டுக்குக் குடும்பநல மாது படியேறி வந்த நாளிலிருந்து சேர்ந்தது.

✻

இலங்கையில் முதல் கொரோனா ஊசி 2021 ஜனவரி 29இல் போடப்பட்டது. இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் மருந்துகள் அதற்கு முதல்நாள்தான் வந்திறங்கின.

✻

அந்த முதல் ஊசியைப் போட்டுவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருந்தவர்களின் பாடு தெரியுமா? இந்தியாவில் தொற்று பொங்கியதும் ஏற்றுமதி நின்றது. நம் தெருவிலேயே எத்தனை அம்மம்மாமார், அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்து, “பிள்ளை, எப்ப வருமாம்?” என்று கேட்டார்கள். மாதங்கள் போயின. ஜூலை 31இல் ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனெகா வந்துதான் அவர்களுக்கு விடிந்தது. ஜப்பான் இரண்டு தொகுதியாக 14 இலட்சத்துக்கு மேல் தந்தது. அந்த உதவியை நாம் மறக்கக் கூடாது.

✻

சைனோபாமுக்கு உலக சுகாதார நிறுவனம் அனுமதி கொடுத்தது 2021 மே 7. இலங்கையருக்கு அதைப் போடத் தொடங்கியது மே 8. ஒரே ஒரு நாள் இடைவெளி! மருந்து மார்ச் 31 முதலே நாட்டுக்குள் இருந்தது. அனுமதி வரும்வரை இங்கிருந்த சீனருக்கு மட்டும் போட்டார்கள்.

ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் வேறொரு கவலை இருந்தது. மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில். “சைனோபாம் போட்டால் விசா தருவாங்களோ?” என்று கேட்டு ஊசியைத் தள்ளிப்போட்ட முதியவர்கள் உண்டு. பிரித்தானியா நவம்பர் 22இலும் கனடா நவம்பர் 30இலும் சைனோபாமை ஏற்றுக்கொண்டன. ஓகஸ்டும் செப்டெம்பரும் நாடு கண்ட மிகக் கொடிய மாதங்கள். அந்த நேரத்தில் பயணத்தை நினைத்து ஊசியைத் தவறவிட்டவர்களை எண்ணும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

✻

இலங்கைக்கு ஃபைசர் மருந்து முதன்முதலாக வந்தது எப்போது? 2021 ஜூலை 5, 26,000 மருந்துகள்.

✻

அந்த ஃபைசர் போத்தலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஊதா மூடி, கட்டைவிரல் நீளம்கூட வராது. உறைகுளிரில், சைபருக்குக் கீழே 60 பாகையிலும் தாழ்வாக வைத்திருந்த மருந்து அது. உருகிய பிறகு உள்ளே இருப்பது 0.45 மில்லிலீற்றர்; அதாவது சில துளிகள். அதற்குள் 1.8 மில்லிலீற்றர் உப்புநீர் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் பத்துத் தடவை, ஏற்றிய பின் பத்துத் தடவை, போத்தலை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. குலுக்கினால் மருந்து கெட்டுவிடும். பிறகு ஆளுக்கு 0.3 மில்லிலீற்றர் வீதம் ஆறு பேருக்கு. கலந்த நேரத்திலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட அன்று தாதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. ஒவ்வொரு கவிழ்ப்பையும் எண்ணிக்கொண்டிருந்தார். வெளியே வரிசை கேற்வரை நீண்டிருந்தது. அவர் ஒரு எண்ணைக்கூட விழுங்கவில்லை. “அன்ரி, நோகுமா?” என்று பிள்ளை கேட்டது. “எறும்பு கடிச்ச மாதிரி மகள், அங்கால பாருங்கோ,” என்றார். பிள்ளை அங்கால் பார்த்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டார். அடுத்த பிள்ளை வாங்கில் வந்து இருந்தது.

✻

பிள்ளைகளுக்கான ஊசி எந்த ஒழுங்கில் வந்தது? நோய்வாய்ப்பட்ட 12 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு முதலிடம். 2021 செப்டெம்பர் 24இல் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் தொடங்கினார்கள். ஒக்டோபர் 15இலிருந்து 18, 19 வயது மாணவர்களுக்குப் பாடசாலைகளில். 12 முதல் 15 வயதுக்காரருக்கு 2022 ஜனவரியில். பலவீனமான பிள்ளையிலிருந்து தொடங்கியது சரியான தீர்மானம் என்றுதான் நினைக்கிறேன்.

✻

2021 ஒக்டோபர் 21இல் ‘பாடசாலைகள் திறப்பு’ என்று செய்தி வந்தபோது பம்பலப்பிட்டியில் ஏன் ஒரு ஸ்கூல் வானும் ஓடவில்லை? அன்று திறந்தவை 200க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் மட்டும். நாட்டின் அரச பாடசாலைகளில் ஏறக்குறையப் பாதி அந்த அளவுக்குச் சிறியவை. ஆனால் இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர், வெள்ளவத்தை சைவ மங்கையர் பக்கத்துப் பெற்றாருக்கு அந்தச் செய்தியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆசிரியர் சங்கங்களும் சம்பளப் போராட்டத்தில் இருந்தன. 25ஆம் திகதிதான் கடமைக்கு வருவோம் என்றன. எந்தத் திகதி எந்த வகுப்புக்கு என்று விளங்காமல் அதிகாலையில் பிள்ளையை உடுப்பாட்டிவிட்டு நின்ற தாய்மார் இருந்தார்கள். தெளிவான அறிவித்தல், தமிழில், ஒரு நாள் முந்தியே கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வாரத்தில்தான் தெரிந்தது.

✻

தொலைக்காட்சியில் பாடம் நடந்தது நினைவிருக்கிறதா? சிங்களத்தில் ‘குரு கெதர’, தமிழில் ‘குருகுலம்’. மலைநாட்டில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறினார்கள். கொழும்பில் சிக்னல் இருந்தது, போன் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அப்பா அதை வேலைக்குக் கொண்டுபோனால் இரவு எட்டு மணிக்குத்தான் பாடம்.

✻

சோதனைகளும் இடம்மாறின. 2020 டிசம்பரில் வரவேண்டிய சாதாரண தரம் 2021 மார்ச்சில் நடந்தது. அடுத்த சாதாரண தரம் 2022 மே மாதம் வரை போனது. அப்போது நோய் தணிந்திருந்தது, பெற்றோல் இல்லை. ஜூன், ஜூலையில் கொழும்புப் பாடசாலைகள் எரிபொருள் இல்லாததாலேயே மறுபடி மூடின. ஸ்கூல் வான் ஓட்டுபவர்கள் இந்த மூன்று வருடத்தையும் எப்படிக் கடந்தார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

✻

வீட்டு அலுமாரி லாச்சியை ஒருக்கால் திறந்து பாருங்கள். கொரோனா அட்டைக்குப் பக்கத்தில் பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் இருக்கும்; பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். 2020இலும் 2021இலும் தரம் 6, 7இல் இருந்த பிள்ளை என்றால், பாடசாலை ஊசிகளின் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் மாநகர சபைக் கிளினிக்கில் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள். போன நோயும் திரும்பி வரலாம்: 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடென்று பெயர் வாங்கினோம். 2023இல் அது திரும்பி வந்தது, கொழும்புக்கும்தான்.

✻

தரம் 1இல் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போன அந்த 2020ஆம் ஆண்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் தெரியுமா? அம்மாவின் போனில் ‘அ’ எழுதப் பழகிய அவர்கள்தான் 2024 செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள்.