குழுப் படத்திற்கு ஏற்ற விளக்கு எது?

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்திலும் பொதுப்பேரவை கூடும் நாளிலும் அங்கத்தினர்கள் ஒன்றுசேர்ந்து படம் எடுத்துக் கொள்வது பல சங்கங்களில் வழக்கம். ஜெயங்கொண்டம் வட்டாரத்துப் பட்டு நெசவாளராயினும், பெரம்பலூர்ப் பகுதியில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிப்போராயினும், அவர்தம் படம் சங்கத்தின் சுவரிலே பல்லாண்டுகள் தொங்கக் கூடியது. ஆயினும் இத்தகைய படங்களில் ஒரு குறை அடிக்கடி காணப்படுகிறது. நடுவில் அமர்ந்திருக்கும் தலைவரும் நிர்வாகக் குழுவினரும் பளிச்சென்று தெரிவர். ஓரத்தில் நிற்போரும் கடைசி வரிசையினரும் இருளில் மறைந்திருப்பர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நமது இயக்கத்தின் அடிப்படை விதி. அவ்விதி படத்திலும் விளங்க வேண்டுமாயின், விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் சற்றுக் கவனம் வேண்டும்.

பகல் ஒளி போதுமாயின் விளக்கே தேவையில்லை. காலை வேளையில் கட்டிடத்தின் நிழல் விழும் பக்கத்தில், திறந்த வானத்தை நோக்கி அங்கத்தினரை நிறுத்தினால் எல்லா முகங்களிலும் ஒளி சமமாகப் பரவும். உச்சி வெயில் கூடாது. கண்களின் கீழ் கருநிழல் விழும். ஆனால் கூட்டுறவு வாரம் வருவதோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். வானம் மூடியிருக்கும், கூட்டம் முடிவதற்குள் பொழுதும் சாய்ந்து விடும். அப்போதுதான் கையோடு எடுத்துச் செல்லும் விளக்கு அவசியமாகிறது.

ஒளி குறைவது ஏன்?

விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால், ஒளியின் வலிமை பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகக் குறைந்து விடுகிறது. அறுபது பேரை வரிசைக்குப் பதினைந்து பேராக நான்கு வரிசைகளில் நிறுத்துவதாகக் கொள்வோம். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 2.25 மீட்டர் இருக்கும். விளக்கை முதல் வரிசையிலிருந்து 3 மீட்டரில் வைத்தால், கடைசி வரிசைக்கு அதன் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே கிட்டும். அதே விளக்கை 7 மீட்டருக்குப் பின்னே கொண்டு சென்றால், பாதிக்கு மேற்பட்ட ஒளி கடைசி வரிசைக்கும் கிட்டும். ஆகவே, சமமான ஒளி வேண்டுவோர் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும். உயர்த்தியும் வைக்க வேண்டும். உயர்த்தினால் முன்வரிசையினரின் தலை நிழல் பின்னால் நிற்பவர் முகத்தில் விழாது.

இதற்கு ஒரு விலை உண்டு. 3 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்குச் சென்றால், முன்வரிசையில் அதே வெளிச்சத்தைப் பெற ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வலிமை தேவைப்படும். காமிராவின் தலையில் பொருத்தும் சிறிய பிளாஷ் பத்துப் பேருக்குப் போதும். அறுபது பேருக்குப் போதாமைக்குக் காரணம் இதுவே.

எவ்வகை விளக்கு?

1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த பிளாஷ் பொடி உருவாக்கப்பட்டது. அதைக் கொளுத்தினால் புகையும், சில வேளை தீ விபத்தும் நேர்ந்தன. பின்னர், ஒரு முறை மட்டுமே எரியும் பல்புகள் வந்தன. 1931-இல் அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்சாரத்தைச் சேமித்து ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் வெளியிடும் மின்னணு பிளாஷை உருவாக்கினார். இன்று நாம் வாங்கும் பிளாஷ் அதன் வழிவந்ததே.

இவ்வகை பிளாஷின் வலிமையை வாட்-செகண்டு என்னும் அளவால் குறிப்பர். கூடத்தினுள் அறுபது பேர் வரை எடுப்பதற்கு, பாட்டரியால் இயங்கும் 200 வாட்-செகண்டு பிளாஷ் இரண்டு பொருத்தமானவை. ஒவ்வொன்றையும் வெண்குடையுடன் ஸ்டாண்டில் ஏற்றி, காமிராவுக்கு இருபுறமும் வைத்தல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 400, துவாரம் எப்/8 என்ற அளவில் முயன்று பார்க்கலாம். ஷட்டர் வேகத்தை 1/200 நொடிக்கு மேல் விரைவாக வைத்தால், பல காமிராக்களில் படத்தின் ஒரு பகுதி கறுத்து விடும்.

எல்.இ.டி. விளக்கு தொடர்ந்து எரிவதால் நிழல் எங்கே விழுகிறது என்பதை முன்கூட்டியே காணலாம். கைபேசியாலும் படம் எடுக்கலாம். சிறு குழுவுக்கும் சேலைகளைப் படம் பிடிப்பதற்கும் அது ஏற்றது. ஆனால் 7 மீட்டரில் அதன் ஒளி மங்கி விடும். ஷட்டரை மெதுவாக இயக்க நேரிடும். அசைந்தவர் முகம் கலங்கி விடும். பெரும்பாலான கைபேசிகள் பிளாஷ் ஸ்டாண்டுகளை இயக்கவல்லன அல்ல என்பதையும் நினைவிற் கொள்க.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பாட்டரி. களத்து மேட்டிலும் தறிக்கூடத்திலும் மின் இணைப்பு அருகில் இருக்குமென்று நம்ப முடியாது. முழு வலிமையில் எத்தனை முறை மின்னும், ஒரு முறை மின்னியபின் மீண்டும் ஆயத்தமாக எத்தனை நொடி ஆகும் என்று கேட்டறிக.

இரண்டாவது, ஸ்டாண்டு. அது 3 மீட்டர் அளவுக்கு உயர வேண்டும். காற்றில் சாயக் கூடாது. அரியலூர் சிமெண்டுக்குப் பேர்பெற்ற ஊராதலின் வெற்றுச் சாக்குக்குப் பஞ்சமில்லை. அதில் கால் பங்கு மணலை நிரப்பி, ஸ்டாண்டின் காலில் கட்டினால் போதும். வெளியில் காற்று வீசும்போது குடையை விரிக்க வேண்டாம். அது விளக்கோடு சாய்ந்து, அருகில் நிற்பவர் மீது விழக் கூடும்.

மூன்றாவது, இயக்கும் கருவி. கம்பியைத் தரையில் ஓட விட்டால் முதியோர் கால் தடுக்கும். ரேடியோ முறையே நன்று. அது நம்மிடமுள்ள காமிராவுக்குப் பொருந்துமா என்பதைக் கடையிலேயே சோதித்து விடுதல் வேண்டும்.

படம் எடுக்கும் நாளில்

வெள்ளை வேட்டியும் சட்டையும் நிறைந்த கூட்டத்தைக் கண்டு, தானியங்கிக் காமிரா ஒளி மிகுதி என்று கருதிக் குறைத்து விடும். வேட்டி தெளிவாகும், முகம் கறுக்கும். எனவே அளவைக் கையால் அமைத்து, முதற் சோதனைப் படத்தைக் கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்கும் கருநிறமுடையவர் முகத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். அம்முகம் தெளிவாயின் மற்ற முகங்களுக்கும் குறையிராது. வெண்கூரையுள்ள கூடமாயின் விளக்கைக் கூரைக்குத் திருப்பி ஒளியைப் பரப்பலாம்; பச்சை, நீலச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளியோ முகத்திலும் அந்நிறத்தையே பூசும். மூக்குக் கண்ணாடி அணிந்தோர் முகத்தைச் சற்றுத் தாழ்த்தினால் பளபளப்பு நீங்கும்.

எத்தனை படம் எடுப்பது? ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த இருவர் இதற்கு ஒரு கணக்கு வகுத்து, 2006-இல் நகைச்சுவைக்குரிய இக் நோபல் பரிசு பெற்றனர். இருபது பேருக்கு உட்பட்ட குழுவாயின், நல்ல ஒளியில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும், மங்கிய ஒளியில் இரண்டாலும் வகுத்து வரும் அளவு படங்கள் எடுத்தால், ஒன்றிலாவது எவரும் கண் மூடாதிருப்பர் என்பது அவர்கள் முடிவு. பெருங்குழுவுக்கு இதனினும் மிகுதியாக எடுக்க வேண்டும். பிளாஷ் விரைவில் ஆயத்தமாக வேண்டியதன் பயன் இங்கே புலனாகும்.

ஆண்டுக்கு இரு முறை மட்டுமே பயன்படும் பொருளை ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே வாங்குவது சிக்கனமன்று. வாடகைக்கு எடுக்கலாம், அல்லது அண்டையிலுள்ள நான்கைந்து சங்கங்கள் செலவைப் பகிர்ந்து ஒரு தொகுதியை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். தறியில் உழைத்தவரும் வயலில் உழைத்தவரும் எந்த வரிசையில் நின்றிருந்தாலும், அவர்தம் பேரப்பிள்ளைகள் நாளை அப்படத்தில் அவர்களை அடையாளம் காண வேண்டும். அதற்கு இத்தொகுதிக்குச் செலவிடும் பணம் வீணாகாது. இவ்வாண்டு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.