ஆர்ஃபியஸ் தொன்மமும் ஓர் அசைவூட்டத் தொடரும்: நிபந்தனைக் கூற்றின் நோக்கில்

0. முன்னுரை

தொன்மங்களைக் கொண்டு தற்காலக் கதைமாந்தரை விளக்குவோர் பெரும்பாலும் தோற்ற ஒப்புமையையே சான்றாகக் கொள்கின்றனர். கதைமாந்தரைப் பிணிக்கும் கூற்றின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும் என்பதை, ஆர்ஃபியஸ் தொன்மத்தையும் ஓர் அமெரிக்க அசைவூட்டத் தொடரையும் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1. தொன்மம்

இசைக்கலைஞனாகிய ஆர்ஃபியஸ், பாம்பு தீண்டி இறந்த தன் மனைவி யூரிடிசியை மீட்கக் கீழுலகு செல்கிறான். அவனது இசைக்கு இரங்கிய தெய்வங்கள், மேலுலகை அடையும்வரை அவளைத் திரும்பிப் பார்த்தலாகாது என்னும் நிபந்தனையுடன் அவளை விடுவிக்கின்றன. எல்லையருகே அவன் திரும்பிப் பார்க்க, அவள் மீண்டும் மறைகிறாள். வெர்ஜிலும் ஓவிடும் இவ்வாறே கூறுவர். பிளேட்டோவின் ‘சிம்போசிய’த்திலோ, தெய்வங்கள் அவனுக்குக் காட்டியது மனைவியை அன்று, அவளது போலியுருவையே எனக் கூறப்படுகிறது.

2. தொடர்

பேட்ரிக் மெக்ஹேல் உருவாக்கிய ‘ஓவர் தி கார்டன் வால்’ 2014 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் 10 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. வர்ட், கிரெக் என்னும் சகோதரர் இருவர் கல்லறைத்தோட்டச் சுவரைத் தாண்டி நீரில் வீழ்ந்து, வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட ஒரு காட்டில் அலைகின்றனர். அங்குள்ள விறகுவெட்டி ஓர் இலாந்தரை அணையாது காத்துவருகிறான். தன் மகளின் உயிர் அதில் உள்ளதெனக் காட்டை ஆளும் ‘பீஸ்ட்’ கூறியதை அவன் நம்புகிறான். வழிதவறிய சிறுவர்களே அவ்விளக்குக்கு எண்ணெய் தரும் மரங்களாகின்றனர் என்பதை அவன் அறியான்.

3. ஒப்புமை

வர்ட் கவிதை எழுதுபவன், கிளாரினெட் இசைப்பவன், இறுதியில் தம்பியை மீட்பவன். எனவே அவனே ஆர்ஃபியஸ் எனத் தோன்றும். ஆயின் கூற்றமைப்பை நோக்கின், அவ்விடம் விறகுவெட்டிக்கே உரியது.

(அ) திரும்பிப் பார்த்தால் அவளை இழப்பாய்.
(ஆ) விளக்கு அணைந்தால் அவளை இழப்பாய்.

இரண்டும் நிபந்தனை வாக்கியங்கள். இரண்டிலும் ‘அவள் இங்கே இருக்கிறாள்’ என்பது வெளிப்படக் கூறப்படாது முற்கோளாக அமைந்துள்ளது. நிபந்தனையைக் காப்பதிலேயே கருத்தூன்றுவோன் முற்கோளை வினவுவதில்லை. வெர்ஜில், ஓவிட் மரபில் (அ)-வின் முற்கோள் மெய். ஆதலின் நிபந்தனையை மீறியமையே ஆர்ஃபியஸைக் கெடுக்கிறது. (ஆ)-வின் முற்கோள் பொய். ஆதலின் நிபந்தனையைக் காத்தமையே விறகுவெட்டியைக் கெடுக்கிறது. அவன் பிளேட்டோ கூறும் ஆர்ஃபியஸுக்கே நெருங்கியவன்.

கிரெக்கின் உயிரை விளக்கில் இட்டு, அதனை வர்ட் காத்துவரலாம் எனப் பீஸ்ட் பேரம் பேசும்போது, வர்ட் முற்கோளையே ஐயுறுகிறான். பீஸ்ட் விளக்கின்பால் காட்டும் அச்சத்தினின்று, அதிலுள்ளது அதன் சொந்த உயிரே என உய்த்துணர்கிறான். பின்னர் விறகுவெட்டி தானே விளக்கைத் திறந்து அணைக்கிறான். அவன் மகள் உயிரோடிருப்பது இறுதியில் தெரியவருகிறது. ஆர்ஃபியஸ் பார்த்ததால் இழந்தான். விறகுவெட்டி பார்க்காமையாலேயே நெடுங்காலம் இழந்திருந்தான்.

4. முடிவுரை

ஒரு கதைமாந்தர் எத்தொன்ம மாந்தரை ஒத்தவர் என்னும் வினாவுக்கு இசைக்கருவியோ பயணமோ மட்டும் விடையாகா. அவரைப் பிணித்த சொல் யாது, அச்சொல் எதனை மெய்யெனக் கொள்ளச் செய்தது என்பனவும் ஆராயத்தக்கன. பிரிவால் வருந்துவோனிடம் கூறப்படும் நிபந்தனை, அவன் ஆராயாது ஏற்கும் வாக்கியமாகிவிடுகிறது. அச்சமும் அன்பும் அதன் முற்கோளை மறைத்துவிடுகின்றன. இவ்விரு கதைகளையும் இணைப்பது இவ்வுண்மையே எனலாம்.